சிவப்புக் கோடு விழுந்த அட்டை

மேடையில் இருக்கும் பதிப்பாசிரியர் ஐயா அவர்களே, அகராதி அலுவலகத்துப் பெரியோர்களே, மறைந்த என் பெரியம்மாவுக்காக இங்கே கூடியிருக்கும் அனைவருக்கும் வணக்கம். நான் அவருடைய தங்கை மகள். "கோபப்படாதடி, நன்றி மட்டும் சொல்லிட்டு இறங்கிடு" என்றுதான் அம்மா அனுப்பினார். முயல்கிறேன்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் பெரியம்மாவை அமைதியானவர் என்றார்கள். அமைதியானவரா? நீங்களே 'டேக் அம்மா' என்று பெயர் வைத்தீர்களே, அவரா?

ஆங்கில-தமிழ் அகராதியின் உதவியாளராக, 'டேக்' என்ற ஒரே ஆங்கில வினைச்சொல்லுக்கு மூன்று ஆண்டுகள் உழைத்தார். மருந்தை 'டேக்' செய்தால் நாம் சாப்பிடுகிறோம். பரீட்சை என்றால் எழுதுகிறோம். படம் என்றால்தான் எடுக்கிறோம். எல்லாவற்றுக்கும் 'எடு' என்று போட்டுவிட்டுப் போக அவருக்கு மனம் வரவில்லை. பேருந்தில், மருந்துக்கடையில் காதில் விழுந்ததையெல்லாம் அட்டைகளில் எழுதினார். யார், எங்கே சொன்னது என்று குறிக்காமல் ஒரு வாக்கியத்தைக்கூடச் சேர்த்ததில்லை. நானூற்றுப் பன்னிரண்டு அட்டைகள்!

"ஒரு குட்டிச் சொல்லுக்கு இத்தனை பெட்டியா? உள்ளயே குடித்தனம் நடத்தலாம் போல" என்றாராம் ஐயா.

"நடத்திக்கிட்டுதான் சார் இருக்கேன். நீங்கதான் வாசல்லயே நிக்கறீங்க" என்றாராம் பெரியம்மா.

அகராதி வந்தது. அந்தச் சொல் ஆதியிலிருந்தே ஆங்கிலத்தில் இருந்ததாக அச்சாகியிருந்தது. தவறு! வடகடல் தாண்டி இங்கிலாந்துக்கு வந்தவர்களின் பேச்சிலிருந்து நுழைந்து, அங்கே முன்பே இருந்த சொல்லைத் தள்ளிவிட்டு உட்கார்ந்த சொல் அது. வாசகர்கள் சிரித்தார்கள். அலுவலகம் என்ன செய்தது? 'உதவியாளரின் கவனக்குறைவு' என்று மன்னிப்புக் கடிதம் வெளியிட்டது!

"அந்தச் சொல்லோட பிறப்பை எழுதின என் அட்டையைக் காட்டுங்க சார்" என்று எத்தனை முறை கேட்டார்! "காணோம்மா" என்றார்கள். கடைசி ஐந்து மாதங்கள் அந்தக் கடிதத்தை நினைத்தே அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

இதோ, அந்த அட்டை! நேற்று அலுவலகத்திலிருந்து அவருடைய பொருள்களை எடுக்கப் போனபோது, அச்சுக்குப் போய்வந்த தாள்களுக்கு நடுவே கிடைத்தது. சொல்லின் பிறப்பைப் பெரியம்மா சரியாகவே எழுதியிருக்கிறார். குறுக்கே சிவப்புக் கோடு. ஓரத்தில், 'இடமில்லை. பழைய ஆங்கிலச் சொல் என்று போட்டால் போதும்.' கீழே ஐயாவின் சுருக்கொப்பம்.

யாருடைய கவனக்குறைவு?

அம்மா, மன்னித்துவிடுங்கள். எனக்கு நன்றி சொல்ல வரவில்லை.

அத்தனை அட்டைகளையும் நானும் அம்மாவும் படியெடுப்போம். பெரியம்மாவின் பெயரோடு, கேட்பவர்களுக்கெல்லாம் கொடுப்போம். இது உறுதி!

ஐயா, அடுத்து நீங்கள் பேச வேண்டும். பெரியம்மாவைப் புகழ வேண்டாம். அந்தக் கடிதம் பொய் என்று மட்டும் சொல்லுங்கள். ஒலிவாங்கியை உங்களிடமே கொண்டுவந்து தருகிறேன்.