எப்படி வலிக்குது?

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் தலைமையாசிரியர் அவர்களே, என்னைவிட நன்றாகப் பேசத் தெரிந்தும் எனக்கு இடம் விட்டு அமர்ந்திருக்கும் சான்றோர்களே, பிள்ளைகளை மடியில் வைத்துப் பொறுமை காக்கும் தாய்மார்களே, எழுபத்தெட்டு வயதிலும் நிமிர்ந்து அமர்ந்திருக்கும் எங்கள் ஏழாம் வகுப்புத் தமிழ் டீச்சர் அவர்களே, வணக்கம்!

நான் மேடை ஏறிப் பழகியவன் அல்லன். முப்பத்தாறு ஆண்டுகள் அலுவலகக் கோப்புகளுக்கு எண் போட்டவன். பேசப்போவதையும் எண் போட்டே எழுதி வந்திருக்கிறேன். சிரிக்கிறீர்கள்; நல்லது, நடுக்கம் சற்றுக் குறைகிறது.

அந்நாளில் கணக்குத் தேர்வு என்றால் பாதி வகுப்புக்கு வயிறு வலிக்கும். விடுப்புக் கேட்டால் டீச்சர் ஒன்றே ஒன்றுதான் கேட்பார்.

"எப்படி வலிக்குது?"

"ரொம்ப வலிக்குது டீச்சர்."

"எவ்வளவுன்னா கேட்டேன்? எப்படின்னு சொல்லு."

சொல்லத் தெரியாதவர் திரும்பிப் போய் உட்கார வேண்டும். ஒருவர் சொன்ன சொல்லை அந்த மாதம் இன்னொருவர் சொல்லவும் கூடாது!

என்ன செய்தோம்? கணக்குப் படித்தோமா? இல்லை, சொல் தேடினோம்! வீட்டில் தேடினோம், வீதியில் தேடினோம், வைத்தியர் வாசலில் காத்திருந்தவர்களிடம் காது கொடுத்துத் தேடினோம். குத்துகிறது என்றான் ஒருவன். குடைகிறது என்றாள் ஒருத்தி. 'ஒட்டடை' என்று நாங்கள் அழைத்த ஒல்லிப் பையன், "விண்ணு விண்ணுன்னு தெறிக்குது டீச்சர்" என்றான்.

"சொல்லு நெசம், வலிதான் பொய். போயிட்டு வா" என்றார் டீச்சர்.

பொய் சொல்லப் போய்த் தமிழ் கற்றோம்!

ஈராண்டுக்கு முன் ஒரு காலை, என் மனைவியை மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். வாசல்வரை கூட்டம்.

"என்னம்மா பண்ணுது?" என்றார் டாக்டர்.

"ஒண்ணுமில்லைங்க. நெஞ்சுல கொஞ்சம் வலி."

செரிமானக் கோளாறு என்று அவர் மாத்திரை எழுதத் தொடங்கினார். மெத்தப் படித்தவரை இடைமறிக்க நான் யார்? ஆனாலும் வாய் திறந்தேன். டாக்டரிடம் அல்ல, மனைவியிடம்.

"எப்படி வலிக்குது?"

"வலின்னா வலிதான். வாங்க, வீட்டுக்குப் போலாம்."

"குத்துதா? எரியுதா?"

"இல்ல."

"குடையுதா?"

"இங்க வந்து வாத்தியார் வேலை பாக்காதீங்க."

"பிசையுதா?"

அவள் தயங்கினாள். "பிசையல... ஈரத்துணிய முறுக்குற மாதிரி... பிழியுதுங்க. இடது கை வரைக்கும்."

பேனா நின்றது. டாக்டர் எழுந்தார். "இதை ஏம்மா முதல்லயே சொல்லலை?"

"நீங்க எப்படின்னு கேக்கலையே டாக்டர்."

பரிசோதித்தார்கள். இதயத்தில் அடைப்பு. "இன்னும் அரை நாள் போயிருந்தா..." என்று தொடங்கிய டாக்டர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அவையோரே! அவளைக் காத்தது மருந்தா? ஆம். மருத்துவரா? ஆம், ஆயிரம் முறை ஆம். சொல்தான் காத்தது என்று அடித்துப் பேச எனக்குத் துணிவில்லை. ஆனால் மருந்துக்கு வழி காட்டியது எது? ஒரு சொல்! அந்தச் சொல் வரும்வரை விடாமல் கேட்கப் பழக்கியது எது? ஒரு வகுப்பறை! அகராதி சொல்லைத் தரும். சரியான சொல்லுக்கான பசியைத் தருபவர் யார்? ஆசிரியர்! ஆசிரியர் மட்டுமே!

சிகிச்சை முடிந்த மறுநாள், "இப்ப எப்படிம்மா இருக்கு?" என்றார் நர்ஸ். மூன்றாம் வரிசையில் அமர்ந்து, பேசியது போதும் என்று எனக்குச் சைகை காட்டுகிறாரே, அந்த அம்மையார் நீளமாக ஒரு மூச்சு விட்டுச் சொன்னார்:

"லேசா இருக்கு."

டீச்சர், அதைவிட அழகான சொல்லை நான் இன்னும் கேட்டதில்லை. அதை என் காதால் கேட்க வைத்த உங்களுக்கும், இத்தனை நேரம் என்னைப் பொறுத்துக்கொண்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி சொல்லி, என் மனைவியின் பக்கத்தில் போய் அமர்கிறேன். வணக்கம்!