அருவியில் இரண்டாவது தகடு

எனக்கு வெற்றிலை வேண்டாம், ஐயா. அந்தப் பழக்கம் இல்லை. எதிரே ஒருவர் மென்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

ராசிபுரத்தில் போட்டோ பிடிக்கிற அர்த்தநாரி என்றால் யாரும் என் கடையைக் காட்டுவார்கள். படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று எங்கள் பக்கத்தில் உயிரோடு இருக்கும்போது யாரும் கேமரா முன்னால் உட்கார மாட்டார்கள். செத்தபிறகுதான் எனக்கு ஆள் அனுப்புவார்கள். குளிப்பாட்டிய பிணத்தை நாற்காலியில் சாய்த்து, மார்போடு வார் போட்டுக் கட்டி, அது தெரியாமல் துண்டால் மறைப்பேன். சுத்தமான வேலை. உயிரோடு இருப்பவர்கள்தான் தும்முகிறார்கள், சொறிகிறார்கள், இளிக்கிறார்கள்.

நாமகிரிப்பேட்டைக்கு மேலே மலையிடுக்கில் ஓர் அருவி இருக்கிறது. தை மாதத்தில் சில நாள் மட்டும் சாயங்கால வெயில் அந்த இடுக்கு வழியாக நேரே தண்ணீரில் விழும். உள்ளே விளக்கேற்றிய மாதிரி அருவி முழுக்க எரியும். ஒரு வெற்றிலை மென்று முடிக்கும் நேரம்தான். பக்கத்தில் ஓர் ஆள் நின்றால்தான் படத்தில் அதன் உயரம் தெரியும். போன தையில் என் மைத்துனன் காளியண்ணனை நிறுத்தினேன். பத்து எண்ணும்வரை அசையாதே என்றேன். பாதியிலேயே திரும்பித் துப்பினான். படம் பதிகிற கண்ணாடித் தகட்டில் அவன் தலை இருந்த இடத்தில் வெறும் புகை. மறுபடி தை வரக் காத்திருந்தேன்.

இந்த வருஷமும் கேமராப் பெட்டி தூக்க அவன்தான் வந்தான். வழியெல்லாம் மென்றான், பேசும்போது என் சட்டையில் எச்சில் தெறித்தது.

"கல்லாட்ட நிக்கோணும், அவ்வளவுதானுங்களே மச்சான்? இந்த வாட்டி பாருங்க," என்றான்.

வெயில் இறங்குகிற சமயம் பார்த்து, துப்புவதற்காகப் பாசி படிந்த கல்லில் காலை வைத்தான். வழுக்கி விழுந்து பின்மண்டை பாறையில் அடித்தது. அப்படியே கிடந்தான். மூக்கருகே விரல் வைத்துப் பார்த்திருக்கலாம்தான். வாயோரம் சிவப்பாக ஒழுகிக்கொண்டிருந்தது. எனக்கு அருவருப்பாக இருந்தது. செத்துவிட்டான் என்று வைத்துக்கொண்டேன்.

ஓடிப்போய் ஆள் கூட்டிவந்தால் வெளிச்சம் போய்விடும். செத்தவனுக்கு அதனால் என்ன லாபம்? துக்க வீடுகளில் செய்வது போலவே அவனைப் பாறையில் சாய்த்து, பெட்டி வாரால் கட்டி, முகத்தைக் கழுவிவிட்டேன். அருவி பற்றிக்கொண்டது. லென்ஸ் மூடியைக் கழற்றி எண்ணத் தொடங்கினேன். முடிப்பதற்குள் அவன் வலது கை மேலே எழுந்தது.

"மச்சான்... ஊட்டுக்குப் போலாமுங்க," என்றான்.

ஒரு வருஷம் காத்திருந்தவன் நான், ஐயா. நீங்களே நினைத்துப் பாருங்கள்.

வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. கேமராமேல் போர்த்தும் கறுப்புத் துணியை மடித்து அவன் முகத்தில் வைத்து, அடங்கும்வரை அழுத்திக்கொண்டிருந்தேன். துணியைத் தாண்டியும் வெற்றிலை நாற்றம் வந்தது. அதைத்தான் சகிக்க முடியவில்லை. பிறகு இன்னொரு தகட்டைப் போட்டு, நிதானமாகப் பத்து எண்ணினேன்.

வழுக்கி விழுந்து செத்தான் என்றதை ஊரே நம்பியது. என் மனைவி கமலவேணி, அவனுடைய அக்கா, அந்தத் துணியைத் துவைக்க எடுத்திருக்கிறாள். அதன் உள்பக்கம் வெள்ளைத் துணி வைத்துத் தைத்தது. அதில் வாய் வடிவில் சிவப்பாக ஒரு வெற்றிலைக் கறை.

"எந்தம்பி வாய் இதுல எப்படிங்க பட்டுச்சு?" என்று கேட்டாள். அந்தக் கையோடு துணியை எடுத்துக்கொண்டு உங்கள் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாள்.

கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் கை நடுங்கியிருக்காதா? மேசைமேல் இருக்கும் அந்தத் தகட்டுப் பெட்டியை மட்டும் வெளிச்சத்தில் திறந்துவிடாதீர்கள். துக்கம் கேட்க வந்த கூட்டத்தில் படம் கழுவ நேரமில்லாமல் போயிற்று. தொழில் தெரிந்த ஆளை வைத்து இருட்டறையில் கழுவிப் பாருங்கள். முதல் தகடு கெட்டதுதான். இரண்டாவதில் காளியண்ணன் ஒரு மயிரிழைகூட அசைந்திருக்க மாட்டான்.