ஆத்தோங்கின் முன்சக்கரப் பிரேக்

பிரேக்கைப் பிரிப்பதற்கு முன்னால் வண்டியை நன்றாகக் கழுவ வேண்டும். எங்கள் கீலுங் ஊரில் முக்கால்வாசி மெக்கானிக்குகள் கழுவுவதில்லை. எப்போதும் மழைதானே, அதுவே கழுவட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். மழை எதையும் கழுவாது ஐயா. அழுக்கை இடம் மாற்றும், அவ்வளவுதான்.

துறைமுகத்துக்குப் பின்னால், கடலம்மன் கோயில் சந்தில் என் கடை. சியே கடை என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம், அப்படி வைத்திருப்பேன். அந்தத் தரையில்தான் ஆத்தோங் துப்புவான்.

வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிச் சுற்றிய பச்சைப் பாக்கு, எந்நேரமும் கடைவாயில் அதக்கி வைத்திருப்பான். துப்புவதற்கென்று காகிதக் கோப்பை கொடுத்துப் பார்த்தேன். பாதி கோப்பைக்குள் போகும், மீதி என் பாதத்துக்குப் பக்கத்தில் விழும்.

"என்ன சியே அண்ணே, மெக்கானிக் கடையா, பிரசவ ஆஸ்பத்திரியா? இனிமே செருப்பையும் கழட்டிட்டு வரணுமா?" என்று சிரிப்பான். பல்லெல்லாம் சிவப்பு. நான் துடைப்பத்தை எடுப்பேன்.

மீன் ஏலத்தில் வாங்கி மலை உணவகங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது அவன் தொழில். வண்டியின் பின்னால் கட்டிய பெட்டியிலிருந்து மீன் தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருக்கும். முன்சக்கர டிஸ்க் பிரேக் பிடிக்கவில்லை என்று அன்றைக்கு மனைவி யூலானையும் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு வந்தான். டிஸ்கைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பரைக் கழற்றி வெள்ளைத் துணியில் வைத்தேன். உப்பு, பிரேக் தூள், செதில், காய்ந்துபோன ஒரு இறால் மீசை. அதற்கெல்லாம் மேலே, ஓடுகிற வண்டியிலிருந்து அவன் துப்பிய எச்சில், பழுப்பும் சிவப்புமாக, ஏடு ஏடாக. குச்சியால் சுரண்டியபோது வந்த வாடை இன்னும் மூக்கை விட்டுப் போகவில்லை. உள்ளே பிஸ்டன் துருவில் இறுகிக் கிடந்தது.

யூலான் வேறு மாதிரி. நாற்காலியைத் துடைத்துவிட்டுத்தான் உட்காருவாள். டீ குடித்த கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் கிளம்புவாள். அன்று அவள் வெள்ளைச் சட்டையின் தோளில் ஒரு சிவப்புத் துளி. முன்னால் இருந்தவன் துப்பியது காற்றில் திரும்பியிருக்கிறது.

"துவைச்சா போகுமா?" என்று கேட்டேன்.

"போகாது அண்ணே. பழகிப் போச்சு" என்று சொல்லிச் சிரித்தாள்.

பழகிப் போச்சாம். அந்த வார்த்தையோடு நான் வேலைக்குத் திரும்பினேன்.

பிஸ்டனைத் தேய்த்துக் கண்ணாடி போலாக்கினேன். சீல் இருந்த பள்ளத்தில் ஒரு தூசி இல்லாமல் எடுத்தேன். புது ரப்பர் சீல்களை உட்கார வைத்தேன். சீலுக்குப் பூச ரப்பருக்கென்றே ஒரு கிரீஸ் வரும். சக்கர பேரிங்குக்குப் போடும் சாதா கிரீஸ் வேறு. புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள் டப்பாவை மாற்றி எடுத்துவிடுவார்கள். சாதா கிரீஸில் ரப்பர் ஊறி உப்பும், பிஸ்டனை விடாது. லிவரை விட்ட பிறகும் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடும். டிஸ்க் காயும், பிரேக் ஆயில் கொதிக்கும். நீண்ட இறக்கத்தில் அது கொதித்தால் லிவர் வெறுமனே கையோடு வந்து ஒட்டிக்கொள்ளும், வண்டி நிற்காது.

நான் புதிதாகச் சேர்ந்தவன் இல்லை.

கழற்றிய பழைய சீல்களை வழக்கப்படி உறையில் போட்டு அவன் கையில் கொடுத்தேன். மாற்றிவிட்டேன் என்பதற்கு அத்தாட்சி. அவற்றையும் கழுவித்தான் கொடுத்தேன். பின்சக்கரப் பிரேக் தேய்ந்துவிட்டது, அதையும் மாற்று என்றேன். அப்புறம் பார்க்கலாம் என்றான். எப்போதும் அதுதான் அவன் பதில். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் யூலான் அவன் பின்னால் உட்காருவாள். கடைக்கு வந்த அன்று ஏதோ வேலையாகக் கூட வந்திருந்தாள். ஞாயிறுக்குள் முடிந்துவிடும் என்று நினைத்தேன். முடிந்தது.

நடுவில் ஒரு நாள் கடைக்கு வந்தான். "அண்ணே, வண்டியை யாரோ பின்னாலேர்ந்து புடிச்சு இழுக்கிற மாதிரி இருக்கு. என்னன்னு பாரேன்."

குனிந்து பார்த்தேன். டிஸ்க் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது.

"புது சீல்ப்பா. ஓட ஓடச் சரியாயிடும்."

"நீ சொன்னா சரிதான். இந்தா, கணவாய். உனக்குன்னு எடுத்து வெச்சேன். கழுவிட்டேன், கழுவிட்டேன். மூஞ்சியைச் சுளிக்காதே."

கழுவியிருக்கவில்லை. பையின் அடியில் கறுப்பாக மை தேங்கியிருந்தது. அவன் தெருமுனை திரும்பியதும் குப்பையில் போட்டேன். மலையில் மீன் கொடுத்துவிட்டு இறங்கும்போது, இரண்டாவது வளைவில் தடுப்புச் சுவரைத் தாண்டிப் போய்விட்டான் என்று மறுநாள் சொன்னார்கள்.

உங்கள் ஸ்டேஷன் ஆட்கள் காலிப்பரைப் பிரித்துப் பார்த்தார்கள். தவறான கிரீஸ், மெக்கானிக்கின் கவனக்குறைவு என்று எழுதினார்கள். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இந்த விஷயம் அதோடு போயிருக்கும். இருக்கத்தான் நினைத்தேன். காலையில் யூலான் வந்தாள்.

இன்று பௌர்ணமிக்கு மறுநாள், எங்கள் ஊரில் கடைக்காரர்கள் படையல் போடும் நாள். வாசலில் மேசை போட்டு, ஆதரவில்லாமல் அலையும் ஆவிகளுக்குப் பழமும் பிஸ்கட்டும் படைத்து, ஊதுவத்தி ஏற்றியிருந்தேன். அவள் ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து, ஆரஞ்சுப் பழத்துக்குப் பக்கத்தில் இரண்டு பாக்குச் சுருள்களை வைத்தாள். "இந்தப் பக்கம் வந்தா எடுத்துக்கட்டும்" என்றாள். வாய் சிவந்திருந்தது.

"நீயுமா?"

"அவரு வெச்சுட்டுப் போன பெட்டி அண்ணே. இதுலதான் அவரு வாசம் மிச்சம் இருக்கு." நாற்காலியைத் துடைக்காமல் உட்கார்ந்தாள். "ஸ்டேஷன்ல ரிப்போர்ட்டைப் படிச்சுக் காமிச்சாங்க. நான் ஒண்ணுதான் சொன்னேன், சியே அண்ணன் வேணும்னு செய்ற ஆள் இல்ல. கை தவறிப்போறது யாருக்குத்தான் இல்ல? நீங்க மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க. சாப்பிடுங்க, தூங்குங்க. அவரு இருந்தா அவரே சிரிச்சுக்கிட்டுத்தான் போயிருப்பாரு."

சொல்லிவிட்டு என் டீக் கோப்பையில் துப்பினாள். கழுவாமல் எழுந்து போனாள்.

பாக்கை இடுக்கியால் எடுத்துச் சாக்கடையில் போட்டேன். கோப்பையைக் குப்பையில் போட்டேன். நாற்காலியை சோப்புப் போட்டுக் கழுவினேன். பிறகு நேராக இங்கே வந்தேன்.

அதனால் அந்தக் கவனக்குறைவு என்ற வார்த்தையை அடித்துவிடுங்கள் ஐயா. என் கையில் டப்பா மாறியதில்லை. ஆத்தோங்கை நான்தான் கொன்றேன். தெரிந்து, நிதானமாக, புதுக் கையுறை போட்டுக்கொண்டு கொன்றேன். அவன்மேல் எனக்கு வெறுப்பு எதுவும் கிடையாது. யூலானுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஒரு சட்டை பாழாகிக்கொண்டிருந்தது, அதை நிறுத்தினேன்.

கைரேகையா. வைக்கிறேன். இந்த மை சிவப்பாக இருக்கிறதே ஐயா. வேறு நிறம் ஏதும் இல்லையா?