இன்னும் திறக்காத பாலம்

பெஹாலாவில் பெட்ரோல் பங்க் வரிசையில் எனக்கு முன்னால், ஒரே ஸ்கூட்டியில் இரண்டு தமிழ்ப் பெண்கள்.

"புதுப் பாலத்து மேலயா போற? அத இன்னும் திறக்கவே இல்லையேடி!"

"இவங்க திறக்கறதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிடுவேன். காவலுக்கு இருக்கிற வாட்ச்மேன் அண்ணன் தடுப்ப நகர்த்தி விடுவாரு."

"நடுவுல ஒரு துண்டு போடாம கிடக்கே?"

"அங்க பலகை போட்டிருக்காங்க. கீழ மட்டும் பாக்காத."

"மழை பேஞ்சிருக்கு, வழுக்கும்டி."

"அப்ப கண்ண மூடிக்கோ."

சிரித்தார்கள். ஓட்டுபவளின் போன் அடித்தது.

"பத்து நிமிஷத்துல ரூமுக்குப் போயிடுவேம்மா. டிராஃபிக்கே இல்லாத ரோடும்மா, பயப்படாத."

ஸ்கூட்டி பாலத்தின் பக்கம் திரும்பியது. நான் வரிசையில் என் வண்டியை முன்னே தள்ளினேன்.

சில வாரங்களாக என் மகளும் ஆபீஸிலிருந்து சீக்கிரமே வந்துவிடுகிறாள். எந்த வழியாக வருகிறாள் என்று நான் கேட்டதே இல்லை.