சிலேட்டுக் கல்லில் ஒட்டிய முட்டைகள்

தண்ணீர் மாற்றுவதைத் தவிர ஏஞ்சல் மீனால் பெரிய தொந்தரவு ஒன்றும் கிடையாது, ஐயா. முட்டை போடும் சமயத்தில் மட்டும் எனக்கு மனசு ஒரு இடத்தில் நிற்காது. இப்போதும் நின்றுகொண்டே சொல்கிறேனே, உட்கார்ந்தால் கால் பரபரக்கிறது.

தொட்டிக்குள் சாய்த்து வைத்த சிலேட்டுக் கல்லில் முட்டைகளை வரிசையாக ஒட்டிவிடும். ஆணும் பெண்ணும் மாறி மாறித் துடுப்பால் விசிறும். அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்ப்பேன், துணியைக் காயப்போட்டுவிட்டு வந்து பார்ப்பேன். ஒரு தடவை வந்து பார்த்தால் கல் வெறுமையாக இருந்தது. பெற்றதுகளே தின்றுவிட்டன.

மீன் கடைக்காரர் சிரித்தார். "அக்கா, நீங்க கண்ணாடியில மூக்கை ஒட்டிக்கிட்டே நின்னா அதுங்க என்ன பண்ணும்? யாரோ புடுங்க வர்றாங்கன்னு பயந்து முழுங்கிடும். கொஞ்சம் அந்தப் பக்கம் போங்க."

அவருக்கு விற்கத்தான் தெரியும். அடுத்த முறை கல்லையே எடுத்து வேறு தொட்டியில் வைத்தேன். பூஞ்சை பிடிக்காமலிருக்க நீல மருந்து விட்டேன், காற்றுக் குழாய் போட்டேன், வெளுத்துப்போன முட்டைகளை ஊசியால் எடுத்தேன். குஞ்சுகள் வாலை ஆட்டி நீந்தியபோது, பெற்றவளைவிட நான்தான் தாய் என்று பட்டது.

தம்பி மனைவிக்குக் குழந்தை பிறந்ததும் அதே படபடப்பு. முதல் பிள்ளை. குழந்தையின் கழுத்தைத் தாங்கிப் பிடிக்கக்கூட அவளுக்குத் தெரியாது. அவர்கள் அறை வாசலிலேயே நின்றேன்.

"அண்ணி, நீங்க இப்படிப் பார்த்துக்கிட்டே இருந்தா எனக்குப் பால் கொடுக்கவே வரமாட்டேங்குது."

"நீ பாட்டுக்குப் பாலைக் கொடும்மா. நான் என்ன கடிச்சா திங்கப்போறேன்?"

ஒருநாள் நான் வாசலில் நின்று இருமினேன். அவள் திடுக்கிட்டதில் குழந்தை கைநழுவி மெத்தையில் விழுந்தது. எப்படிப்பட்டவள் என்று பாருங்கள். அதன் பிறகு கதவைத் தாழ்ப்பாள் போட ஆரம்பித்தாள். தம்பியும், "அக்கா, அவளைக் கொஞ்சம் விடேன். அது ஒண்ணும் உன் மீன் தொட்டி இல்ல," என்றான். இருவரும் வேறு வீடு தேடுவது எனக்குத் தெரியவந்தது. குழந்தை என் கண்ணுக்கு எட்டாத இடத்துக்குப் போய்விடும்.

என் தூக்க மாத்திரையைப் பொடித்து, மத்தியானம் அவள் குடிக்கும் பாலில் கலந்தேன். குழந்தை கத்தும்போது இவள் எழாமல் கிடப்பதைத் தம்பி கண்ணால் பார்த்தால் போதும் என்றுதான். பார்த்தான். "என்னடி அம்மா நீ?" என்று திட்டினான். அத்தோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் சாயங்காலமே அவன் சமாதானமாகிவிட்டான். வீடு தேடுவதையும் விடவில்லை. மாத்திரையைக் கூட்டினேன்.

மீன் குஞ்சுகளுக்கு உயிரோடு இருக்கிற பொடி எறால் போடுவோம். எறால் எதைத் தின்கிறதோ அதுதான் குஞ்சின் வயிற்றுக்குப் போகும். மீன் வளர்க்கிற எல்லோருக்கும் தெரியும். தாய்ப்பாலும் அப்படித்தான் என்பது எனக்குத் தோன்றவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்கள். ஆனால் தோன்றியது. வேறு தொட்டிக்கு மாற்றினால் குஞ்சுகூடக் கொஞ்சம் சோர்ந்துதான் கிடக்கும், பிறகு தேறிவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

நேற்று சாயங்காலம் அவள் எழுந்தாள். குழந்தை எழவில்லை.

வெளியே ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து, "நான் தூங்கிட்டேன், நான்தான் கொன்னுட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாளே, அது பொய். மாத்திரை கலந்தது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். அவளிடம் எனக்குக் கோபம் எதுவும் இல்லை.

ஒரு உதவி மட்டும் செய்யுங்கள், ஐயா. வீட்டில் இப்போது யாரும் இல்லை. காலையில் பெண்மீன் கல்லைச் சுத்தம் செய்துகொண்டிருந்தது. இந்நேரம் முட்டை போட்டிருக்கும். யாரையாவது அனுப்பித் தொட்டி பக்கத்திலேயே நிற்கச் சொல்லுங்கள். ஆள் நின்று பார்க்காவிட்டால் அதுகள் தின்றுவிடும்.