எய்கிச்சி பாதியில் விட்ட கதை

– புத்தகத்தைத் திருப்பிக் குடுக்க வரல, ஹொன்மா சான். முடிவைக் கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன்.

– உமேனோ அம்மா, முதல்ல இப்படி அடுப்புப் பக்கமா உக்காருங்க. தலையெல்லாம் பனியா இருக்கு. உங்க வீட்டுக்காரரு எய்கிச்சி ஐயா தவறிட்டாருன்னு இப்பதான் எங்களுக்குச் சேதி வந்துச்சு. இன்னைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு ஊரே வருமே. இந்த நேரத்துல நீங்க எதுக்கு நூலகத்துக்கு...

– நாத்தனாரை உக்கார வச்சிட்டு வந்திருக்கேன். ஊதுவத்தி அணையாமப் பாத்துக்கணும், அவ்வளவுதானே, அதுக்கு அவ போதும். நாளைக்குக் காலையில தகனம். அதுக்குள்ள இந்தக் கதை எப்படி முடியுதுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்.

– எந்தக் கதைம்மா?

– இந்தா, இதுல இருக்கிற கதைதான். முந்தாநாள் ராத்திரி சாப்பிட்டு முடிச்சு நான் துணி தேய்ச்சுக்கிட்டிருந்தேன், அவரு பக்கத்துல உக்காந்து வாசிச்சுக்கிட்டிருந்தாரு. சரியான இடத்துல நிறுத்தி, மிச்சம் நாளைக்குன்னாரு. காலையில எழுப்புறேன், எந்திரிக்கல. வலி இல்ல, முனகல் இல்ல. குடுத்து வச்ச மனுஷன்னு டாக்டரே சொன்னாரு. அவரு குடுத்து வச்சவரு. நான் பாதிக் கதையோட நிக்கிறேன்.

– காகிதம் போட்டு மூடியிருக்கே...

– எங்க சலவைக் கடை உறை. எந்தப் புத்தகம் கொண்டு வந்தாலும் செருப்பக் கழட்டின கையோட அட்டை போட்டுடுவாரு. ஊர் சொத்து, அழுக்குப் படக் கூடாதுன்னுவாரு. நானும் பிரிச்சுப் பாத்ததே இல்ல. நாத்தனாரு என்னடான்னா, அண்ணன் கடைசியா வாசிச்சது, சவப்பெட்டிக்குள்ள வச்சு அவரோடயே அனுப்புன்னு ஒரே பிடிவாதம். ஊரு புத்தகத்தை எரிக்க நாம யாருடின்னு கேட்டுட்டு வந்துட்டேன்.

– நல்ல காரியம் பண்ணீங்க. ஆனா உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும், கோவிச்சுக்கக் கூடாது. ஒருத்தர் என்ன புத்தகம் எடுத்தாருன்னு நாங்க யாருகிட்டயும் வாய் திறக்கக் கூடாது. போலீஸ்காரர் சும்மா வந்து கேட்டாலும் கிடையாது. பொண்டாட்டி, புள்ள, யாரு கேட்டாலும் அதே பதில்தான். புத்தகம் திரும்பி வந்துடுச்சுன்னா எடுத்த விவரத்தையே அழிச்சுடுவோம்.

– செத்துப் போனவருக்கும் அப்படித்தானா?

– அவருக்குத்தான் இன்னும் கண்டிப்பா இருக்கணும். வேணாம், சொல்லாதேன்னு அவரால வந்து சொல்ல முடியாதுல்ல.

– அதுவும் சரிதான். ஆனா நான் பேரைக் கேட்டேனா? எழுதினது யாருன்னு கேட்டேனா? எனக்கு அதெல்லாம் வேணாம்மா. அட்டையப் பிரிக்கவும் வேணாம். முடிவை மட்டும் வாசி. கேட்டுட்டு நேரா வீட்டுக்குப் போய் அவரு காதுல சொல்லிடுவேன். பாதியில நிறுத்திட்டமேன்னு அந்த மனுஷனுக்கும் இருக்கும்.

– நீங்களே வாசிச்சிருக்கலாமேம்மா.

– எங்களுக்குள்ள அப்படி ஒரு பழக்கம். வாசிக்கிறது அவரு, கேக்குறது நான். கல்யாணம் ஆன புதுசுல, பச்சப் புள்ளையா நான், எனக்கு வாசிச்சுக் காட்டுறீங்களான்னு கேட்டேன். எனக்கு அப்பவே ரோஷம் ஜாஸ்தி. அதுக்கு அவரு, உன் கைக்கு வேலை இருக்கு, என் வாய்க்கு வேலை இல்ல, அதைக் கொஞ்சம் கடன் குடுக்கிறேனே அப்படின்னாரு. அன்னைக்கு ஆரம்பிச்சது. வேன்ல துணி குடுக்கப் போற வழியில இங்க வந்து ஒண்ணு எடுத்துக்குவாரு. அதை முடிச்சாதான் அடுத்தது.

– ஆமா, துணி மூட்டைய வாசல்லயே வச்சிட்டு வருவாரு. பாத்திருக்கேன்.

– எங்க தெருவுல ஒவ்வொருத்தி புருஷன் கதையும் எனக்குத் தெரியும். ஒருத்தன் சாயங்காலம் ஆனா பச்சின்கோ சூதாட்டக் கடையில உக்காந்து குண்டு உருட்டுவான். ஒருத்தன் சாக்கேயக் குடிச்சிட்டு டிவியத் திட்டுவான். என் புருஷன் எனக்குக் கதை வாசிச்சாரு. அரிசிக்கடைக்காரிக்குக் கூட அப்படி அமையல. அவ வீட்டுல பியானோ இருக்கு, அதனால என்ன? பியானோ பேசுமா? நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில விட்டவ. ஆனா இந்த நூலகத்துல இருக்கிற கதையில பாதி என் காது வழியா போயிருக்கு. இதை நான் எங்க வேணா நிமிந்து நின்னு சொல்லுவேன்.

– சொல்லுங்கம்மா, சொல்ல வேண்டியதுதான். அந்தக் கதை எது வரைக்கும் வந்துச்சு?

– கேளு. ஒரு சலவைக்காரி. பாரேன், எங்க தொழில்காரிய வச்சே எழுதியிருக்கான். அவ கடையில ஒரு கோட்டு. துவைச்சுத் தேய்ச்சு மாட்டி வச்சது, வருஷக்கணக்கா வாங்க ஆளே வரல. ஒரு நாள் பையில கை விட்டுப் பாக்குறா, பயணம் போகாத ரயில் டிக்கெட்டு ஒண்ணு கிடக்கு, அந்த ஆளு ஊர் ஸ்டேஷன் பேரு போட்டு. சரி, நாமளே கொண்டு போய்க் குடுத்துடலாம்னு கடையைச் சாத்திட்டு ரயில் ஏறிடுறா. எங்க பாத்தாலும் பனி. அவ ஒருத்திதான் அந்த ஸ்டேஷன்ல இறங்குறா. மீன்கடையில வழி கேட்டா, அந்த ஆளா, குளிர்காலம் வந்தா வீட்டை விட்டு வெளியவே வர மாட்டானேன்னு எல்லாரும் சிரிக்கிறாங்க. இவ விடல. மேடேறி அந்த வீட்டு வாசலுக்குப் போய்க் கதவைத் தட்டக் கையைத் தூக்குறா. அங்க நிறுத்திட்டாரு பாவி மனுஷன்.

– கையைத் தூக்கின இடத்துலயா?

– ஆமாங்கிறேன். எனக்கு எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாரு.

– சரிம்மா, நீங்க இந்த டீயக் குடிங்க. நான் உள்ள போய் அந்த இடம் எங்க இருக்குன்னு தேடி எடுத்துட்டு வந்துடுறேன்.

– மெதுவா வா. டீ சூடாத்தான் இருக்கு.

– கனயா சார், உங்க ரூம் கதவைச் சாத்துங்க, வெளிய கேக்கக் கூடாது. இதைக் கொஞ்சம் பாருங்க. சலவைக் கடை எய்கிச்சி ஐயா கடைசியா எடுத்த புத்தகம். அட்டைய ஓரமாத் தள்ளிப் பாத்துட்டு நேரா உங்ககிட்ட ஓடி வரேன்.

– குடு பாப்போம். "பனி அள்ளும் இயந்திரங்கள்: பராமரிப்பும் பழுதுபார்த்தலும்." நல்ல புத்தகம். நான்தான் வாங்கிப் போட்டேன். இதுக்கு என்ன?

– இதுல சலவைக்காரி எங்க சார் இருக்கா?

– யாரு?

– கோட்டை எடுத்துக்கிட்டு ரயில்ல போற சலவைக்காரி. வெளிய உமேனோ அம்மா அவளோட முடிவைக் கேட்டு உக்காந்திருக்காங்க. இதுல எங்க திறந்தாலும் பெல்ட்டு, போல்ட்டு, எண்ணெய் ஊத்துற குழாய். கதைன்னு ஒரு வரி இல்ல. அவரு கையில கிடைச்சதை எடுத்து வச்சுக்கிட்டு, கதையச் சொந்தமாக் கட்டிச் சொல்லியிருக்காரு சார். அத்தனை வருஷமும்.

– அடேங்கப்பா. அதான் அந்த மனுஷன் எடுத்ததுக்கு ஒரு கணக்கே இருக்காது. ஒரு தடவை மீன் நோய், ஒரு தடவை நில அளவை. நான் அவரை, ரிடையர் ஆன இஞ்சினியர், பொழுதுபோகக் கடை வச்சிருக்காருன்னுல்ல நினைச்சுக்கிட்டிருந்தேன். மரியாதையா வேற குனிவேன்.

– சார், திரும்பி வந்த புத்தகத்தைப் பத்தி நாம பேசவே கூடாது.

– ஆமாமா, விதின்னா விதிதான். நான் ஒண்ணும் சொல்லல. சரி, நீ போய் அந்த அம்மாகிட்ட உண்மையச் சொல்லிடு. துக்க வீடுதான், ஆனா இது கெட்ட சேதி இல்லயே. உங்க புருஷன் பெரிய கதைக்காரரும்மான்னு சொல்லு. கேட்டா அவங்களுக்கு எவ்வளவு பெருமையா இருக்கும்.

– அந்தப் பெருமை வேணும்னு இருந்தா அவரே எடுத்துக்கிட்டிருப்பாரு சார். எத்தனை வருஷம் வாய்ப்பு இருந்துச்சு. ஒவ்வொரு தடவையும் காகிதம் போட்டு மூடினாரே, எதுக்கு? அந்த அம்மா, புத்தகம் வாசிக்கிற புருஷன் எனக்கு வாய்ச்சாருன்னு தெருவே கேக்கச் சொல்லிக்கிட்டுத் திரியிறாங்க. தகனத்துக்கு முந்தின நாள் நான் போய், அவரு ஒரு நாளும் வாசிக்கல, கையில இருந்தது பனி வண்டிப் புத்தகம்னு சொல்லவா?

– அதுக்காகப் பொய் சொல்ல முடியுமா? நாம நூலகக்காரங்கம்மா. இல்லாததை இருக்குன்னு சொன்னா நம்மை நம்பி நாளைக்கு எவன் வருவான்?

– வாசிக்கிறவரோட ரகசியத்தைக் காப்பாத்தணும்னு எனக்கு முதல் நாளே சொல்லிக் குடுத்தது நீங்கதான். இந்த அட்டைக்குள்ள இருக்கிறது அவரு ரகசியம். நான் இதுல கதை இல்லன்னு சொன்னாலே அது வெளிய வந்துடும்.

– நம்ம விதிய எனக்கே திருப்பிப் பாடுற.

– வேற வழி தெரியல சார்.

– சரி, ஒரு பேச்சுக்கு ஒத்துக்கிறேன். முடிவை யாரு சொல்லுவா? நீயா? போன மாசம் குழந்தைங்க கதை நேரத்துல நீ வாசிச்சு பாதிப் புள்ளைங்க தூங்கிடுச்சு. மீதி, வீட்டுக்குப் போகணும்னு அழுதுச்சு.

– தெரியும் சார். ஆனா அவ கையைத் தூக்கினபடி கதவுக்கு முன்னாடி நிக்கிறா. யாராவது திறந்து விடணும்ல.

– போ அப்ப. போயிட்டு வா. நான் அந்தப் பக்கமே வர மாட்டேன். எனக்கு எதுவும் தெரியாது.

– உமேனோ அம்மா, காக்க வச்சதுக்கு மன்னிச்சுக்கங்க. இடம் கிடைச்சுடுச்சு.

– கிடைச்சுதா? சத்தமா வாசி. எனக்கு இடது காது கொஞ்சம் மந்தம்.

– "அவள் கதவைத் தட்டினாள். உள்ளேயிருந்து சத்தம் இல்லை. மறுபடியும் தட்டினாள். ஒரு கிழவர் கதவைத் திறந்தார்." எழுத்து ரொம்பச் சின்னதா இருக்கும்மா, அதான் நிறுத்தி நிறுத்தி வருது.

– பரவால்ல. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல.

– "உங்கள் கோட்டு என்று நீட்டினாள். கிழவர் பார்த்துக்கொண்டே நின்றார். இது இல்லாததால்தான் அம்மா, நான் இத்தனை குளிர்காலமும் வீட்டிலேயே கிடந்தேன் என்றார். டிக்கெட்டை அதன் பையில் வைத்துவிட்டு, கோட்டை எந்தக் கடையில் கொடுத்தோம் என்பதையே மறந்துவிட்டேன் என்றார்."

– அப்படிப் போடு. ஊர்க்காரனுங்க சிரிச்சானுங்களே. இப்பப் புரியுதா?

– "போட்டுப் பாருங்கள் என்றாள். போட்டுப் பார்த்தார். தோளில் பொருந்தியது. கழுத்துப்பட்டி..." கழுத்துப்பட்டி நல்லா நின்னுச்சு.

– நிக்காம என்ன? ஆறவிட்டு மாட்டியிருப்பா. மேல சொல்லு.

– "இரண்டு பேரும் மேட்டிலிருந்து இறங்கி ஸ்டேஷனுக்கு நடந்தார்கள். மீன்கடைக்காரன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு வந்து பார்த்தான். என்ன பெரியவரே, மாப்பிள்ளை மாதிரி கிளம்பிவிட்டீர்கள் என்று கேட்டான். கிழவர் நின்றார். கோட்டின் கையைத் தூக்கிக் காட்டினார். இவங்க தேய்ச்சது, பாருங்க, இதைக் குடுக்கிறதுக்காக ரயில் ஏறி வந்திருக்காங்கன்னு தெருவுக்கே கேக்கிற மாதிரி சொன்னாரு. தெருவுல இருந்த அத்தன பேரும் அவளுக்குக் குனிஞ்சு வணக்கம் சொன்னாங்க."

– ம்.

– நிறுத்தட்டுமா அம்மா? கண்ணைத் தொடைச்சுக்கங்க.

– கண்ணு கிடக்குது. நீ நிறுத்தாத.

– "ஸ்டேஷன்ல ரயில் வந்து நின்னுச்சு. இவ ஊருக்குப் போறது வேற ரயில். அந்த டிக்கெட்டை அவரு பையிலயிருந்து எடுத்துக் குடுத்துட்டு இவ பிளாட்பாரத்துல நின்னுட்டா. அவரு ஏறி ஜன்னல் ஓரம் உக்காந்தாரு. கோட்டு கசங்காம உக்காருங்கன்னு இவ சொன்னா. சரின்னாரு. ரயில் கிளம்புச்சு. வளைவுல மறையுற வரைக்கும் இவ பாத்துக்கிட்டே நின்னா, அந்தத் தோள்ல ஒரு சுருக்கம் கூட இல்ல." அவ்வளவுதாம்மா. முடிஞ்சுடுச்சு.

– எங்க போனாரு?

– அது... அது இதுல போடலம்மா.

– போடாட்டிப் போகுது. என்னிக்கும் எனக்கு அழுவுற கதை பிடிக்காதுன்னு அவருக்குத் தெரியும். இது நிமிந்து நிக்கிற முடிவு. இப்பவே போய் ஒரு வரி விடாம அவருக்குச் சொல்லிடுறேன். நாத்தனாரும் கேக்கட்டும், அவளுக்கும் புத்தி வரும்.

– புத்தகத்தை நான் வாங்கி வச்சுக்கட்டுமா?

– வச்சுக்கம்மா. அந்தக் காகிதத்தை நான் போன அப்புறம் பிரி.

– சரிம்மா. ஒண்ணு கேக்கட்டுமா? நான் ஒழுங்கா வாசிச்சேனா? எனக்கு ஆளுங்க முன்னாடி வாசிச்சா நாக்கு குழறும்.

– ஒரு குறையும் இல்ல, அச்சா அவரேதான். அவரும் இப்படித்தான், கதை முடியுற வரைக்கும் ஒரு பக்கம் கூடத் திருப்ப மாட்டாரு.