வாழைக்காய் கிடைக்கும் ஊர்

நியூசிலாந்தின் ஒடாஹுஹு நிலையத்தில் ரயிலேறிய அப்பாவும் மகளும் என் எதிரே அமர்ந்தார்கள். மகள் நாட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மாதக்கணக்கில் நடக்கப்போகிறாள். வழியில் எந்தெந்த ஊருக்குச் சாப்பாட்டுப் பெட்டி அனுப்புவது என்று பேச்சு. கேட்டிருக்கக் கூடாதுதான். மடியில் குழந்தை தூங்கியதால் இடம் மாற முடியவில்லை.

"அம்மாவின்ர திவசத்தண்டைக்கு வாழைக்காய் கிடைக்கிற ஊராப் பார்த்து நில்லு பிள்ளை."

"அண்டைக்கு நான் நிக்கிற ஊரில ஒரு சின்ன டெய்ரிக் கடைதான் அப்பா. பாணும் நூடில்ஸும்தான் இருக்கும்."

"அப்ப நான் பெட்டியில வைச்சு அனுப்புறன்."

"அழுகிப்போடும். நீங்க வீட்டில படையுங்கோவன்."

"படைக்கலாம். பிறகு ஆரோட இருந்து சாப்பிடுறது?"

மகள் ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"அந்த நாளில என்னால அந்த வீட்டில நிக்கேலாது அப்பா. அதுக்குத்தான் நடக்கப்போறன்."

"ஓம்" என்றார். "அப்பளம் வைச்சுவிடட்டே? அது அழுகாது."